எங்கள் தேனி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் வாசலாக அமைந்திருப்பது எங்கள் தேனி நகரம். மதுரை, திண்டுக்கல், கம்பம், போடி ஆகிய ஊர்களின் சாலைகள் இங்கே கூடுகின்றன. ஆதலால் சிற்றூராக இருந்த தேனி பெரிய சந்தை நகரமாயிற்று. 1964-இல் அல்லிநகரத்துடன் சேர்ந்து நகராட்சியானது. 1996-இல் மதுரை மாவட்டத்திலிருந்து தேனி மாவட்டம் பிரிந்தபோது அதன் தலைநகராயிற்று.

1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் பாதை போடப்பட்டது. அகலப் பாதையாக மாற்றுவதற்காக 2010 இறுதியில் நின்ற ரயில், 2022 மே மாதம்தான் தேனிக்குத் திரும்பியது. எங்கள் ஊரில் ரயில் ஊதும் ஒலியை அன்றுதான் நான் முதன்முதலாகக் கேட்டேன். என் பாட்டிக்கோ கண்கள் கலங்கிவிட்டன.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில், சுருளி அருவி, கும்பக்கரை அருவி, வைகை அணை ஆகியவை காண வேண்டிய இடங்கள்.

கம்பத்தின் நெல்லும் பன்னீர்த் திராட்சையும் போடியின் ஏலக்காயும் இவ்வட்டாரத்தின் செல்வங்கள். வயல்களின் செழுமைக்குக் காரணம் முல்லைப் பெரியாறு. மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பியவர் பொறியாளர் ஜான் பென்னிகுக். 1887-இல் தொடங்கிய வேலையை வெள்ளம் பலமுறை அடித்துச் சென்றும் அவர் தளரவில்லை, 1895-இல் முடித்தார். தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுவோர் இங்கு இன்றும் உண்டு.

பெயர் சூட்டினால் மட்டும் போதுமா தோழிகளே? மலையைக் கடந்து வரும் அந்த நீரில் குப்பையும் சாக்கடையும் கலக்காமல் காப்பதே நாம் அவருக்குச் செலுத்தும் உண்மையான நன்றி.