கம்பியை வெட்டாமல் லோடு பார்க்கலாம்

மூன்று மாடி வணிக வளாகத்துக்கு வரும் கரண்ட் பில்லில் மொத்த யூனிட் இருக்கும். எந்த மாடியில், எந்த நேரத்தில் அது செலவானது என்பது இருக்காது. அதைக் கண்டுபிடிக்க உள்ளங்கையில் அடங்கும் ஒரு வளையம் உதவும். ஸ்பிளிட் கோர் சி.டி. என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். கிளிப் போலத் திறந்து, ஓடுகிற கம்பியைக் கவ்விக்கொள்ளும். கம்பியை வெட்டவோ கழற்றவோ வேண்டாம்.

நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. கம்பியைச் சுற்றியுள்ள காந்தப்புலமும் அதே வேகத்தில் திசை மாறிக்கொண்டே இருக்கும். வளையத்தின் ஃபெரைட் அதைப் பிடித்து, தன்மேல் சுற்றியிருக்கும் மெல்லிய செம்புக் கம்பியில் சிறு மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. 2000 சுற்று இருந்தால், கம்பியில் 100 ஆம்பியர் ஓடும்போது வளையத்தில் 50 மில்லி ஆம்பியர்தான் வரும். அதைப் படிப்பது சின்ன சர்க்யூட்டுக்கே எளிது.

ஒரு வளையம் ஒரே கம்பியைத்தான் கவ்வ வேண்டும். பேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால், எதிரெதிர்ப் புலங்கள் ஒன்றையொன்று அழித்து, எவ்வளவு லோடு ஓடினாலும் பூஜ்யம் காட்டும்.

ஆம்பியர் மட்டும் தெரிந்தால் போதாது. லிஃப்ட், பம்பு போன்ற மோட்டார்களில் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வருவது வி.ஏ.; வாட் அதைவிடக் குறையும். ஆகவே வோல்ட்டேஜையும் சேர்த்துப் படித்து, பவர் ஃபேக்டரும் சொல்லும் பீசெம் (PZEM) வகை மாட்யூல்களை வாங்குவதே நல்லது. மூன்று பேஸுக்கு மூன்று வேண்டும். அவற்றைப் பொருத்தும்போது மட்டும் மெயினை அணைத்து, உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் கையில் பேனலை விட்டுவிடுங்கள்.

முதல் வாரம் எதையும் மாற்றாமல் பதிவை மட்டும் பாருங்கள். பகல் வரைபடத்தைவிட இரவு இரண்டு மணி வரைபடம் அதிகம் பேசும் என்பது என் நம்பிக்கை. கட்டடம் பூட்டிய பிறகும் 3 கிலோவாட் நேர்கோடாக நின்றால், இரவுக்குப் பத்து மணி நேரம் என்று கணக்கிட்டாலும் மாதம் 900 யூனிட். பெரும்பாலும் யாரோ அணைக்க மறந்த ஏ.சி.யாக இருக்கும், அல்லது விளம்பரப் பலகையாக. சீராக ஏறி இறங்கும் பல் பல்லான கோடு ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸருடையது. ஆளே இல்லாத இரவில் தண்ணீர் பம்பு அடிக்கடி ஓடி ஓடி நின்றால், தொட்டியிலோ குழாயிலோ கசிவு. மின்சாரத்தைப் பார்க்கப்போய்த் தண்ணீர் நஷ்டமும் பிடிபடுகிறது.

நியூட்ரலிலும் ஒரு வளையம் மாட்டச் சொல்வேன். மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் அதிகம் ஓடாது என்பது பழைய கணக்கு. கம்ப்யூட்டர்களும் எல்.இ.டி. விளக்குகளும் இழுக்கும் மின்னோட்டத்தில் 150 ஹெர்ட்ஸ் கலப்பு உண்டு. அது மூன்று பேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் கூடிவிடும். மெல்லிய நியூட்ரல் கம்பி போட்ட பழைய கட்டடங்களில் கம்பி சூடேறும் அளவுக்கு மின்னோட்டம் ஓடுவதை, இன்சுலேஷன் கருகும் முன்பே இந்த வளையம் காட்டிக்கொடுக்கும்.