பாண்டுங்குக்கு வராத இருவர்

முப்பத்தொரு வருடங்கள் நான் பாடசாலையில் வரலாறு படிப்பித்தேன். ஆசிய-ஆபிரிக்க மாநாடு பற்றிய பாடம் வந்தால் கரும்பலகையில் ஒரே வசனத்தைத்தான் எழுதுவேன்: "1955இல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் நேரு, நாசர், சுகர்ணோ, டிட்டோ, நிக்ரூமா ஆகிய ஐவரும் கூடி அணிசேரா இயக்கத்தைத் தொடக்கினர்." ஐவரும் ஒன்றாக இருக்கும் படமொன்றைப் பத்திரிகையிலிருந்து வெட்டி மட்டையில் ஒட்டியும் வைத்திருந்தேன்.

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இப்போது அவர் பல்கலைக்கழக வரலாற்று விரிவுரையாளர். வட்டிலப்பம் சாப்பிட்டுக்கொண்டே அந்த மட்டையைப் பார்த்தவர் மெல்லச் சிரித்தார்.

"சேர், குறை நினைக்க வேணாம். இதுல ரெண்டு பேர் பாண்டுங்குக்கு வரவே இல்ல."

"யாரு மகன்?"

"டிட்டோவும் நிக்ரூமாவும். இந்தப் படம் 1960இல நியூயோர்க்கில எடுத்தது. ஐநா பொதுச்சபைக்குப் போன நேரம்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்!

அவர் விளக்கினார். பிறகு நானும் தேடி வாசித்தேன். 1955இல் கானா என்றொரு நாடே இல்லை. அது பிரித்தானியரின் கீழ் இருந்த கோல்ட் கோஸ்ட். அதன் பிரதமராயிருந்த நிக்ரூமா தான் போகாமல் கோஜோ பொட்சியோவை அனுப்பினார். யூகோஸ்லாவியாவோ ஆசிய நாடுமல்ல, ஆபிரிக்க நாடுமல்ல. அதற்கு அழைப்பே இல்லை. அணிசேரா நாடுகளின் முதலாவது உச்சிமாநாடு கூடியது 1961இல், பெல்கிரேட்டில்.

பாண்டுங்குக்கு வந்த 29 நாடுகளில் பல அணிசேராதவையும் அல்ல. துருக்கி நேட்டோவில் இருந்தது. பாகிஸ்தான், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் மூன்றும் 1954இல் அமெரிக்காவோடு சேர்ந்து சீட்டோ ஒப்பந்தம் செய்தவை. ஈராக் பக்தாத் உடன்படிக்கையில் கையொப்பமிட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சீனா சோவியத் யூனியனின் நட்புநாடு.

"அப்ப இவ்வளவு காலமும் இந்தப் பிழை எப்படி நின்றது?" என்று கேட்டேன்.

"ஹதீஸ்ல அறிவிப்பாளர் வரிசை பார்க்கிறோமே சேர், அதை இங்க ஒருத்தரும் பார்க்கல. ஒருவர் எழுதினார், மற்றவர் அவரைப் பார்த்து எழுதினார்."

ரொபர்ட் விட்டாலிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2013இல் வெளியிட்ட கட்டுரை செய்தது இந்த வேலையைத்தான். பாண்டுங் பற்றிப் பரவியிருந்த கதைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அன்றைய ஆவணங்களோடு வைத்துப் பார்த்தார். பல கதைகள் நிற்கவில்லை.

சர்வதேச வரலாறு என்ற துறையே இன்று மாறிவிட்டது. முன்பு லண்டன், வொஷிங்டன் ஆவணங்களை வைத்துத்தான் உலகக் கதை எழுதினார்கள். இப்போது ஒரே சம்பவத்தைப் பல நாட்டு ஆவணங்களில் தேடுகிறார்கள். சீன வெளியுறவு அமைச்சு 2004இல் தன் பழைய கோப்புகளில் ஒரு பகுதியைத் திறந்தது; சில வருடங்களில் பெரும்பகுதியைத் திரும்ப மூடிவிட்டது. திறந்திருந்த காலத்தில் வாசித்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கோப்புக்கு வெளியேயும் பார்க்கிறார்கள். நவோகோ ஷிமாசு என்ற ஆய்வாளர் 2014இல் எழுதிய கட்டுரை பாண்டுங் மாநாட்டை ஒரு மேடை நிகழ்வாகக் காண்கிறது: தலைவர்கள் நடந்து வந்த வீதி, அவர்களின் உடை, வீதியோரம் நின்ற சனம் எல்லாமே அதில் சான்றுகள்.

இதில் நமது நாட்டுக்கும் இடமுண்டு. மாநாட்டுக்கான யோசனையை இந்தோனேசியப் பிரதமர் அலி சஸ்த்ரோஅமிஜோயோ முன்வைத்தது 1954இல், கொழும்பில் கூடிய ஐந்து பிரதமர்கள் மத்தியில். பாண்டுங்கில் நமது பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல, மேற்கின் காலனித்துவத்தைக் கண்டிப்பதென்றால் கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கத்தையும் கண்டிக்க வேண்டுமென்று பேசி நேருவையும் சூ என்லாயையும் சங்கடப்படுத்தினார். ஐவர் தோளோடு தோள் நின்ற என் பாடத்தில் இந்தச் சண்டைக்கு இடமே இருக்கவில்லை.

அப்படியானால் பாண்டுங் வெறும் கட்டுக்கதையா? இல்லை. எதிரெதிர் அணிகளில் நின்ற நாடுகள் ஒரு வாரம் வாதாடி, கடைசியில் ஒரே அறிக்கைக்கு உடன்பட்டன. பலஸ்தீன அரபு மக்களின் உரிமைகளுக்கு ஆதரவு தெரிவித்ததும், அல்ஜீரியா, மொரோக்கோ, துனீசிய மக்களின் சுயநிர்ணய உரிமையை ஆதரித்ததும் அந்த அறிக்கைதான். ஒத்த கருத்துள்ள ஐவர் கூடினார்கள் என்பதைவிட, ஒத்துப்போகாத 29 நாடுகள் இதற்கு உடன்பட்டன என்பதுதான் எனக்குப் பெரிதாகப்படுகிறது.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் சிறப்பு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். பள்ளி எப்போது கட்டப்பட்டது என்பதற்கு ஊரில் எல்லோரும் சொல்லும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஆதாரம் தேடினேன். முன்னைய மலர் சொல்கிறது. அது அதற்கு முந்திய மலரைப் பார்த்து எழுதியது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. கையிலுள்ள காணி உறுதியும் மையவாடியின் பழைய மீசான் கற்களும் காட்டுவது அதைவிடப் பிந்திய காலத்தை.

நிர்வாகத்தில் ஒருவர், "சேர், இருக்கிறதைக் குறைச்சு எழுதினா ஊருக்கு மரியாதையா?" என்று கேட்டார். அவரது கவலை எனக்கு விளங்குகிறது. நமது இருப்பையே கேள்வி கேட்பவர்கள் உள்ள நாட்டில் ஒவ்வொரு வருடமும் பெறுமதியானதுதான். ஆனால் ஆதாரமில்லாத நூறு வருடத்தை நாமே எழுதிவைத்தால், அதை ஒருவர் உடைக்கும் நாளில் ஆதாரமுள்ள வருடங்களையும் சேர்த்தே சந்தேகிப்பார்கள்.

ஆகவே உறுதி சொல்வதை உறுதி சொல்வதாகவும், மூத்தோர் சொல்வதை மூத்தோர் சொல்வதாகவும் தனித்தனியே எழுதிக் கொடுக்கப்போகிறேன். பிரசுரிப்பது அவர்கள் விருப்பம்.

மட்டையின் பின்புறத்தில் "1960, நியூயோர்க்" என்று எழிதி வைக்காமல் விட மனம் வரவில்லை, பேனையால் எழுதிவிட்டேன். என்னிடம் படித்த யாராவது இதை வாசித்தால், உங்கள் பழைய கொப்பியிலும் அந்த வசனத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.