காற்றை அளக்கும் கம்பி ஏன் தவறாகக் காட்டுகிறது?

உட்லண்ட்ஸ் வாட்டர்ஃபிரண்ட் பூங்காவில் வீசும் காற்றைக் கவனித்திருப்பீர்கள். ஒரு நொடி ஆளையே தள்ளும், மறுநொடி அடங்கிவிடும். பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போனால் தூண்களைச் சுற்றிச் சுழன்று அடிக்கும். இப்படி ஒழுங்கில்லாமல் சுழலும் ஓட்டத்தைக் கொந்தளிப்பு ஓட்டம் என்கிறார்கள்.

வீடுகளுக்குள் காற்று எப்படிப் புகும், விமானத்தை எவ்வளவு காற்று இழுத்துப் பிடிக்கும் என்பதையெல்லாம் இப்போது கணினியில் கணிக்க முடிகிறது. அந்தக் கணிப்பு சரியா என்று பார்க்க, உண்மையான காற்றை அளந்தாக வேண்டும். அளவே தப்பா இருந்தா?

எப்படி அளக்கிறார்கள்?

ஆய்வுக்கூடங்களில் பல காலமாகப் பயன்படுவது சூடான கம்பி. இரண்டு ஊசிமுனைகளுக்கு இடையே ஒரு டங்ஸ்டன் கம்பி இருக்கும். நீளம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர், தடிமன் 5 மைக்ரோமீட்டர். உங்கள் தலைமுடி அதைவிடப் பத்து மடங்குக்கு மேல் தடிமன்!

மின்சாரம் பாய்ச்சி அதை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்குவார்கள். காற்று பட்டால் கம்பி ஆறும். அதே சூட்டில் வைத்திருக்க எவ்வளவு கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது என்பதை வைத்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிடுவார்கள். சூடான தேநீரை ஊதி ஆற்றுகிறோமே, அதே கதைதான். நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் வேகத்தையும் அது பிடித்துவிடும்.

ஆனால் கம்பிக்குத் தெரிவது ஒன்றுதான்: தன்னிடமிருந்து எவ்வளவு வெப்பம் போகிறது என்பது. காற்றைத் தவிர வேறு காரணத்தால் வெப்பம் கூடக்குறையப் போனாலும், அதையும் காற்றின் வேகமாகவே காட்டும்.

பிழை 1: வெப்பநிலை

குளிர்சாதன அறையில் 24 டிகிரியில் அளவுதிருத்தம் செய்த கம்பியை, வெளியே 31 டிகிரியில் வைத்தால் என்ன ஆகும்? வெப்பமான காற்று கம்பியைக் குறைவாகவே ஆற்றும். அதனால் வேகம் குறைவாகத் தெரியும். 1 டிகிரி வித்தியாசத்துக்குச் சுமார் 2 விழுக்காடு பிழை வரலாம். 7 டிகிரிக்கு ஏறத்தாழ 14 விழுக்காடு! இதைச் சரிசெய்ய, காற்றின் வெப்பநிலையையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

பிழை 2: கம்பியின் நீளம்

சுவரை ஒட்டிய சில சுழல்கள் கம்பியைவிடச் சிறியவை. அவற்றின் ஏற்ற இறக்கத்தைக் கம்பி தன் நீளம் முழுக்கச் சராசரியாக்கிவிடும். கொந்தளிப்பு உண்மையில் இருப்பதைவிட அமைதியாகத் தெரியும்.

அப்ப கம்பியை வெட்டிச் சின்னதாக்கலாமே? அது முடியாது. கம்பி ரொம்பக் குட்டையானால், வெப்பம் இரு முனைகளிலும் உள்ள ஊசிகளுக்கு ஓடிவிடும். நீளம் தடிமனைப்போல் குறைந்தது 200 மடங்கு வேண்டும் என்பது பொதுவான விதி. 5 மைக்ரோமீட்டர் கம்பிக்கு அது 1 மில்லிமீட்டர். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கணினிச் சில்லு செய்யும் முறையில் 60 மைக்ரோமீட்டர் நீளமே உள்ள உணர்கருவியை உருவாக்கியது இதற்காகத்தான்.

பிழை 3: சுவர்

சுவருக்கு மிக அருகில் காற்று ஏறக்குறைய நின்றுவிடும். ஆனால் சூடான கம்பியின் வெப்பத்தைச் சுவரும் இழுத்துக்கொள்ளும். கருவியோ, "காற்று வேகமா வீசுது" என்று காட்டும். சுவர் உலோகமாக இருந்தால் பிழை இன்னும் கூடும்.

இது சிங்கப்பூரிலேயே ஆராயப்பட்ட சிக்கல். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கூ பூ சியோங், சியூ யோங் தியான் ஆகியோரின் குழு 1990களில் இதுபற்றித் தொடர்ந்து கட்டுரைகள் வெளியிட்டது. சுழலும் தட்டுக்கும் அசையாத தட்டுக்கும் இடையே, கணக்குப்போட்டு வேகத்தைச் சொல்லக்கூடிய ஓட்டத்தை அவர்கள் பயன்படுத்தினார்கள். சுவருக்குப் பக்கத்தில் கம்பி காட்டும் அளவை அந்த வேகத்தோடு ஒப்பிட்டுத் திருத்தலாம்.

உங்களுக்கு என்ன?

விமானத்தின் மேற்பரப்பில் காற்று எவ்வளவு உரசுகிறது என்பதை, அந்தப் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில்தான் கண்டறிய முடியும். அங்கே அளவு தவறினால் எரிபொருள் கணக்கும் தவறும்.

குளிரூட்டிக் குழாய்களில் காற்றோட்டம் போதுமா என்று பார்க்கும் கைக்கருவிகளிலும் இதே தத்துவம் உண்டு. அடுத்த முறை யாராவது உங்கள் அலுவலகத்தில் அளந்து எண்ணைச் சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். கடைசியாக எப்போது அளவுதிருத்தம் செய்தீர்கள்? வெப்பநிலைக்கு ஈடுசெய்கிறதா? சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைத்து அளந்தீர்கள்?