விளிம்புநிலைச் சமூகங்களின் நலவாழ்வு: இலக்கு வரையறுக்கும் முறை

முன்னுரை

நலவாழ்வுத் திட்டத்தில் எதை எண்ணுவது, யாரிடையே எண்ணுவது என்பன இலக்கை வரையறுக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. பின்தங்கிய சமூகங்களுக்கான இலக்கு சராசரி அளவில் அமைந்தால், அச்சமூகங்களே கணக்கிலிருந்து நழுவிவிடக்கூடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

சராசரியின் குறை

ஐக்கிய நாடுகள் அவையின் புத்தாயிரமாண்டு வளர்ச்சி இலக்குகளுள் நான்காவது, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதத்தை 1990க்கும் 2015க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு குறைப்பதாகும். நாடுகளின் வெற்றி தேசியச் சராசரியைக் கொண்டே மதிப்பிடப்பட்டது. இம்முறையின் குறையை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கால் உணரலாம். ஒரு வட்டாரத்தில் 1000 பிறப்புகள் நிகழ்வதாகக் கொள்வோம். வசதியுள்ளோரின் 800 பிறப்புகளில் 20 குழந்தைகளும், வறியோரின் 200 பிறப்புகளில் 20 குழந்தைகளும் இறக்கின்றன. வசதியுள்ளோரிடையே மட்டும் இறப்பு 10 ஆகக் குறைந்தால், வட்டார விகிதம் ஆயிரத்துக்கு 40இலிருந்து 30 ஆகும். அறிக்கை இதனை முன்னேற்றம் என்றே குறிக்கும். வறியோர் நிலையிலோ மாற்றமில்லை. நான்கு மடங்காக இருந்த இடைவெளி எட்டு மடங்காகியிருக்கும்.

கட்சிரோலி காட்டும் வழி

புத்தாயிரமாண்டு இலக்குகளுக்கு முன்னரே, மகாராட்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர் நிறுவிய ‘சர்ச்’ அமைப்பு வேறொரு வழியில் இயங்கியது. அங்குப் பிரசவங்கள் பெரும்பாலும் வீட்டிலேயே நிகழ்ந்தன. எனவே பிறந்த 28 நாள்களுக்குள் நேரும் பச்சிளங்குழந்தை இறப்பை, வீட்டளவிலேயே தடுப்பது இலக்காயிற்று. 39 ஊர்களில், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் வீடுதோறும் சென்று குழந்தைகளின் எடையை அளந்தனர். நோய்த்தொற்றைக் கண்டறிந்து மருந்தளித்தனர். பிறப்பும் இறப்பும் விடுபடாது பதிவு செய்யப்பட்டன. ஒப்பீட்டிற்கு 47 ஊர்கள் எடுத்துக்கொள்ளப்பட்டன. ‘தி லான்செட்’ இதழ் 1999இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு விகிதம், ஒப்பீட்டு ஊர்களோடு வைத்து நோக்க, 62 விழுக்காடு குறைந்திருந்தது. 2011இல் இந்திய அரசு, ஆஷா பணியாளர்கள் வழியாக வீட்டுவழிப் பராமரிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

இலக்கின் கூறுகள்

இவற்றிலிருந்து ஐந்து கூறுகளை வகுத்துக்கொள்ளலாம்:

1. பயன்பெற வேண்டிய பிரிவினரை வெளிப்படையாகச் சுட்டுதல்.
2. அவர்களின் இன்றைய நிலையைத் தனியே அளந்து தொடக்க அளவாகக் கொள்ளுதல்.
3. எய்த வேண்டிய அளவையும் காலத்தையும் குறித்தல்.
4. இறப்போ நோயோ நேரும் இடத்திலேயே பணியை அமைத்தல்.
5. பிற பிரிவினரோடுள்ள இடைவெளியையும் ஆண்டுதோறும் அளத்தல்.

முடிவுரை

ஐந்தாம் கூறு விடுபடின் ஏனைய நான்கும் பயன் குன்றும். வறியோரிடையே இறப்பு சிறிது குறைந்தாலும், பிறரிடையே அது விரைந்து குறையுமாயின் ஏற்றத்தாழ்வு பெருகும். ஆதலின், சராசரியோடு இடைவெளியையும் குறைக்கும் இலக்கே விளிம்புநிலைச் சமூகங்களுக்கு உரிய இலக்காகும்.