காளான் தேடும் காலம்

வேனில் முடிந்து புரட்டாதி மழை மண்ணை நனைத்ததும் போலந்து நாட்டுக் காடுகளில் ஆள் நடமாட்டம் மிகுந்துவிடும். பின்னற் கூடையும் சிறு கத்தியுமாக, பொழுது புலருமுன்னரே குடும்பங் குடும்பமாக மக்கள் புறப்படுவர். அவர்கள் நாடிச் செல்வது காளான். வீட்டுத் தேவைக்குக் காளான் பறிப்பதற்கு அந்நாட்டின் அரசாங்கக் காடுகளிலே பொதுவாகத் தடையில்லை. தேசிய வனங்களும் காப்பிடங்களும் விலக்கு. இவ்வழக்கம் எத்துணை ஊறிப்போனது என்பதற்கு, ஆதாம் மித்ஸ்கியேவிச் என்னும் பெருங்கவிஞர் 1834ஆம் ஆண்டில் வெளியிட்ட 'பான் ததேயுஸ்' என்னும் காவியமே சான்று. அதன் மூன்றாங் காண்டத்தில் காளான் பறிக்கும் காட்சி ஒன்று இடம்பெறுகிறது.

அங்கே காளானுக்குள் அரசு எனக் கருதப்படுவது 'பொரோவிக்'. தடித்த தண்டும், பழுப்பு நிறத் தொப்பியும் உடையது. இதனைத் தோட்டத்துப் பாத்தியிலே பயிராக்க இயலாது. நாம் காளான் என்று காண்பது வித்திகளைப் பரப்புவதற்கு மேலெழும் உறுப்பு மாத்திரமே. அதன் மெய்யுடல் மண்ணுக்குள்ளே வெண்ணூல்களாகப் படர்ந்து கிடக்கிறது. அந்நூல்கள் பைன், ஓக் முதலிய மரங்களின் வேர்நுனிகளைச் சுற்றிக்கொண்டு, மண்ணிலுள்ள நீரையும் உப்புகளையும் மரத்துக்கு ஊட்டுகின்றன. மரம் தான் ஆக்கிய வெல்லத்தைக் கைம்மாறாகத் தருகிறது. ஆதலின், தேர்ந்த கிழவர் முதலிற் பார்ப்பது நிலத்தையன்று, மரத்தையே. நல்ல இடம் ஒன்று வாய்த்துவிட்டால் அயலவருக்கும் அதனைச் சொல்லமாட்டார். பறித்ததிற் பாதி அன்றைய சட்டிக்குப் போகும். மீதி நூலிற் கோத்து உலர்த்தப்படும். நத்தார் முன்னிரவு விருந்திலே, செங்கிழங்குச் சாற்றில் மிதக்கும் சிறு கொழுக்கட்டைகளுக்கு இவ்வுலர்காளானே உள்ளீடு.

இதே காடுகளில், இதே பருவத்தில், இன்னொரு காளானும் முளைக்கிறது. ஆங்கிலேயர் அதனை 'மரணத் தொப்பி' என்பர். மங்கிய பச்சை நிறத் தொப்பி, அதன் கீழே வெண்ணிற மடிப்புகள், தண்டிலே பாவாடை போன்ற வளையம், அடியிலே ஒரு பை: பார்வைக்கு அழகியதே. பிழைத்தெழுந்தோர் பலர் அதன் சுவையையும் புகழ்ந்துள்ளனர். நாவும் மூக்கும் யாதொரு எச்சரிக்கையும் செய்வதில்லை. ஒரேயொரு காளான் வளர்ந்த மனிதனைக் கொல்லப் போதியது. அவித்தாலும், பொரித்தாலும், உலர்த்தினாலும் அதன் நஞ்சு அழிவதில்லை.

அந்நஞ்சின் கொடுமை அது காட்டும் பொறுமையிலே இருக்கிறது. உண்டவர் ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் வரையில், சிலவேளை அதற்கு மேலும், நலமாகவே இருப்பர். பின்னர் கடும் வாந்தியும் பேதியும் தொடங்கும். அடுத்த நாள் அவை தணிந்துவிடும். ஆபத்து நீங்கியது என்று வீட்டார் ஆறுதல் கொள்வர். அவ்வேளையிலேதான் ஈரல் அழிந்துகொண்டிருக்கிறது. கலத்தின் கருவிலிருந்து, புரதம் ஆக்குதற்கு வேண்டிய கட்டளைகளைப் படியெடுக்கும் நொதியம் ஒன்று உண்டு. நஞ்சு அதனை முடக்கிவிடுகிறது. புரதமின்றிக் கலங்கள் மாய்கின்றன. காலந் தாழ்ந்து வந்த நோயாளருக்குச் சில சமயங்களில் வேறொருவருடைய ஈரலைப் பொருத்துவதன்றி வழியில்லை.

இதற்கெதிராக மக்கள் கைக்கொண்ட பழைய சோதனைகளோ நகைப்புக்குரியன. ஆனால் நகைக்கமுடியாதபடி உயிர்களைக் குடித்தன. காளானோடு வெள்ளிக் கரண்டியை இட்டு வேகவைத்தால், நச்சுக் காளானாயின் கரண்டி கறுக்கும் என்பது ஒன்று. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். இந்நஞ்சுக்கு அவ்வியல்பு இல்லை. நத்தை தின்ற காளானை மனிதரும் தின்னலாம் என்பது மற்றொன்று. நத்தைகள் மரணத் தொப்பியைத் தின்றுவிட்டு நலமாக ஊர்ந்து செல்கின்றன. தொப்பியின் தோல் எளிதில் உரிந்தால் அது நல்லது என்பாரும் உளர். மரணத் தொப்பியின் தோலும் எளிதாகவே உரியும்.

போலந்தில் 'கானியா' என்னும் உயர்ந்த குடைக்காளானைத் தேடுவோரே பெரும்பாலும் இதில் ஏமாறுகின்றனர். கானியாவின் வளையம் தண்டிலே மேலுங் கீழும் நகரும். தண்டில் பாம்புத்தோல் போன்ற வரிகள் இருக்கும். அடியிலே பை இராது. கத்தியால் தண்டை உயரத்தில் அறுப்பவர் அந்தப் பையை மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்; காட்டிக்கொடுக்கும் சாட்சி அங்கேயே தங்கிவிடுகிறது. ஐயமுள்ள காளானை அடியோடு அகழ்ந்தெடுத்துப் பார்க்கவேண்டும் என்று அறிந்தோர் வற்புறுத்துவது இதனாலேயே. புதியவர்களுக்கு இன்னும் எளியதொரு வழி சொல்வர்: தொப்பியின் கீழே மடிப்புள்ள காளான் எதனையும் தொடாமல், பொரோவிக்கைப் போலக் கடற்பஞ்சு ஒத்த துளைகள் உள்ளனவற்றையே தேடுவது. துளைக்காளானிலும் கசப்பனவும் வயிற்றைக் கெடுப்பனவும் உண்டு. மரணத் தொப்பி இல்லை. அதற்கு மேலும் ஐயம் எழுமாயின், அந்நாட்டுச் சுகாதார நிலையங்களிலே பயிற்சி பெற்ற அலுவலர் கூடையைப் பார்த்துக் கட்டணமின்றிச் சொல்வர்.

ஆனால் ஒரு மண்ணிலே பெற்ற அறிவு மறுமண்ணில் உதவாமற் போவதுண்டு. 2015ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில், போருக்கஞ்சி ஜேர்மனிக்கு வந்தடைந்த அகதிகள் பலர் காட்டுக் காளான் உண்டு நஞ்சேறி வைத்தியசாலைகளிற் சேர்ந்தனர். தாயகத்தில் உண்ட காளானென்றே அவர்கள் அதனைக் கருதினர். ஹனோவர் நகர வைத்தியர்கள் அரபு முதலிய பல மொழிகளிலே படத்துடன் எச்சரிக்கை அச்சிட்டு வழங்கினர்.

அவுஸ்திரேலியாவுக்கோ மரணத் தொப்பியே குடிபெயர்ந்து சென்றது, ஐரோப்பிய மரங்களின் வேரோடு. கன்பரா நகரில் அதனை உண்ட இருவர் 2012ஆம் ஆண்டு சனவரியில் உயிர் துறந்தனர். ஆசிய நாடுகளிலிருந்து சென்றோர் அதனை வைக்கோற்காளான் என்று மயங்குவதுண்டு. இலங்கையிலும் பயிராக்கப்படும் இவ்வைக்கோற்காளான் மொட்டாக இருக்கையில் முழுவதும் பைக்குள்ளேயே அடங்கியிருக்கும். விரிந்த பின்னும் அடியிலே பை எஞ்சும். போலந்துக் கிழவருக்கு அபாயக்குறியான அப்பை, இவர்களுக்குப் பழகிய அடையாளமாகிவிடுகிறது.

இரண்டையும் வேறுபடுத்த ஒரு குறிப்பு உண்டு. விரிந்த தொப்பியைத் தண்டிலிருந்து நீக்கி, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளிலே கவிழ்த்து, ஓரிரவு மூடிவைத்தால் வித்திகள் உதிர்ந்து நிறங்காட்டும். வைக்கோற்காளானின் வித்தித் தூள் இளஞ்சிவப்பு. மரணத் தொப்பியினது வெள்ளை. எனினும் இளஞ்சிவப்பு ஒன்றே போதிய உறுதியன்று, அந்நிற வித்திகளையுடைய நச்சுக் காளான்களும் உள்ளன. விரியாத மொட்டிலோ வித்தியே உதிராது; அதற்கு இச்சோதனை பயன்படாது.