கீமோவுக்கு முன் கேட்கவேண்டிய இரண்டு பரிசோதனைகள்

1982-ல் ‘கூலி’ படப்பிடிப்பில் அடிபட்டு, மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் உயிருக்குப் போராடிய அமிதாப் பச்சனுக்கு ஏராளமானோர் ரத்தம் கொடுத்தார்கள். அதில் ஒருவரின் ரத்தத்தோடு ஹெபடைடிஸ் பி வைரஸும் வந்துவிட்டது. பல ஆண்டுகள் கழித்துத்தான் அது தெரிந்தது. அதற்குள் கல்லீரலில் முக்கால் பங்கு போய்விட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேரிடம் இந்த வைரஸ் இருந்தது. பெரும்பாலானோருக்கு அது தெரியாது. மும்பை தாராவியின் தோல் பட்டறையிலோ மாட்டுங்காவின் கடையிலோ வேலை பார்ப்பவருக்கு, ஒரு தொந்தரவும் இல்லாதபோது பரிசோதனை செய்துகொள்ளத் தோன்றாது.

ஆபத்து வேறொரு நோயின் சிகிச்சையில் தொடங்குகிறது. வைரஸின் மரபுப்பொருள் கல்லீரல் செல்லின் உட்கருவிலேயே தங்கிவிடும். அதைப் பெருகவிடாமல் வைத்திருப்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தி. கீமோ, ரிட்டுக்ஸிமாப் ஊசி, அதிக அளவில் நீண்டநாள் ஸ்டீராய்டு ஆகியவை அந்தச் சக்தியைக் குறைக்கும்போது வைரஸ் பல்கிப் பெருகுகிறது. சக்தி திரும்பியதும் உடம்பு தன் கல்லீரல் செல்களையே தாக்குகிறது. கண் மஞ்சளாகிறது. மருந்துச் சூடு என்று நினைத்துக் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால், கல்லீரல் செயலிழக்கும்வரை நாள் ஓடிவிடும்.

இதைத் தடுக்க முடியும். ஹாங்காங்கில் வைரஸ் உள்ள 30 நிணநீர்ப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. கீமோவுக்கு முன்பே லாமிவுடின் மாத்திரை தொடங்கியவர்களில் ஒருவருக்கும் வைரஸ் தலைதூக்கவில்லை; முன்கூட்டித் தரப்படாதவர்களில் பாதிக்குமேற்பட்டோருக்குத் தலைதூக்கியது. இன்று அதைவிட வலுவான என்டிகாவிர், டெனோபோவிர் மாத்திரைகள் இருக்கின்றன.

செய்யவேண்டியவை இரண்டு ரத்தப் பரிசோதனைகள்: எச்பிஎஸ்ஏஜி, ஆன்ட்டி எச்பிசி. முதல் சீட்டில் ‘நெகட்டிவ்’ என்று வந்தாலும் இரண்டாவது ‘பாசிட்டிவ்’ என்றால் பழைய தொற்று என்று பொருள். ரிட்டுக்ஸிமாப் போடுகிறவர்களுக்கு அதுவே ஆபத்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் அந்த மருந்தின் குறிப்பேட்டில் கட்டம்கட்டித் தரும் எச்சரிக்கையிலேயே இதைச் சேர்த்தது.

2018-ல் தொடங்கிய, ஹெபடைடிஸுக்கான தேசியத் திட்டத்தில், அதற்கென ஒதுக்கிய அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். மும்பையில் சயான் மருத்துவமனைக்கோ பரேல் டாடா மருத்துவமனைக்கோ சிகிச்சைக்குப் போகிறவர்கள், முதல் ஊசிக்கு முன்பே இந்த இரண்டு பரிசோதனைகளும் ஆகிவிட்டனவா என்று டாக்டரிடம் கேளுங்கள். மாத்திரை எழுதிக் கொடுத்தால், கீமோ முடிந்துவிட்டதென்று நீங்களாக நிறுத்தாதீர்கள். அதன்பிறகும் ஓராண்டோ அதற்கு மேலோ அது தேவைப்படலாம்.