அவுரி இலையும் சர்க்கரைப் பூட்டும்

நீலச் சாயம் தரும் செடிகளுள் தொன்மையானது அவுரி. நீலி என்பது அதன் மற்றொரு பெயர். பீகார் மாநிலத்தின் சம்பாரணில் உழவர்கள் இதனைக் கட்டாயமாகப் பயிரிட நேர்ந்தது. 1917ஆம் ஆண்டில் காந்தியடிகள் அவர்களுக்காகப் போராடினார். அத்துணைப் புகழ்பெற்ற நீலத்தைத் தரும் அவுரியின் இலையோ பச்சை நிறமுடையது. அப்படியானால் நீலம் எங்கே மறைந்துள்ளது?

நீலச் செடிகளின் இலையில் இண்டாக்சில் என்னும் பொருள் உருவாகிறது. அது நிலையற்றது; ஆக்சிஜன் பட்டால் இரண்டிரண்டாக இணைந்து நீலமாக மாறிவிடும். அவ்வாறு மாறாமல் காப்பது குளுக்கோசில் டிரான்ஸ்பெரேஸ் என்னும் நொதி. அது குளுக்கோஸ் என்னும் சர்க்கரையை இண்டாக்சிலுடன் பிணைக்கிறது. இதனால் உண்டாகும் இண்டிகன் நிறமற்றது, நீரில் கரைவது. இலையின் நுண்குமிழ்களில் அது பாதுகாப்பாகத் தங்குகிறது. சர்க்கரையே இங்குப் பூட்டாக அமைகிறது.

பூட்டைத் திறக்கும் நொதியும் அதே இலையில் தனியிடத்தில் உள்ளது. இலைகளைத் தொட்டி நீரில் பல மணி நேரம் ஊறவைத்தால் அவை சிதையும். அந்நொதி இண்டிகனை அடைந்து சர்க்கரையைப் பிரித்துவிடும். பின்னர் நீரை அடித்துக் கலக்கினால், காற்றுப் பட்டு நீலம் உருவாகி அடியில் படியும்.

இந்நீலம் நீரில் கரையாது. ஆகவே, ஜீன்ஸ் துணிக்குச் சாயமேற்றும் ஆலைகள் அதனைக் கரையச் செய்யச் சோடியம் டைதயோனைட் என்னும் வேதிப்பொருளைப் பயன்படுத்துகின்றன. அதிலிருந்து உண்டாகும் கழிவுகள் குழாய்களை அரிக்கின்றன, நீர்நிலைகளையும் மாசுபடுத்துகின்றன.

இதற்கு மாற்றுவழியைச் செடியே காட்டியது. ஜப்பானிய நீலச் செடியில் சர்க்கரையைப் பிணைக்கும் நொதிக்குரிய மரபணுவைக் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். அதனைப் பாக்டீரியாவினுள் செலுத்தி இண்டிகனை உருவாக்கினர். இண்டிகன் கரைசலில் நனைந்த துணியில், பூட்டைத் திறக்கும் நொதி சேர்ந்ததும் நீலம் இழைகளிலேயே தோன்றியது. இம்முடிவுகள் 2018இல் வெளியாயின. செலவு குறைந்தால் இம்முறை ஆலைகளுக்கும் பரவும். ஆறுகளும் தூய்மை பெறும்.

அருஞ்சொற்பொருள்
நொதி – உயிரினங்களில் வேதிவினையை விரைவுபடுத்தும் பொருள்
நுண்குமிழ் – செல்லினுள் நீரும் பிற பொருள்களும் தங்கும் பை
தொன்மை – பழமை

சிந்தித்து விடை எழுதுக
1. சர்க்கரையைப் 'பூட்டு' எனக் கூறுவது ஏன்?
2. இலையை ஊறவைத்த நீரை அடித்துக் கலக்குவதன் பயன் யாது?
3. பூட்டும் நொதியும் திறக்கும் நொதியும் இலையில் ஒரே இடத்தில் இருந்தால் என்ன நிகழும்?